ஜெரோம் என்ன சாப்பிட்டான்

1

அன்று அந்த மேசையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், அருள்நேசன். என் மனைவி றெஜினா. எங்கள் மகன் ஜெரோமோடு ஒரே வீட்டில் வாழ்ந்த லீனெ என்ற டென்மார்க்குப் பெண். கடைச் சொந்தக்காரர் ஹென்றிக். அவர் மற்ற மேசைகளுக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார், கடைசியில்தான் உட்கார்ந்தார். ஆக நான்கு பேர். எங்கள் மகள் ஷரோன் வரவில்லை, அவள் நோர்வேயின் ஸ்தவாங்கரில் வேலை பார்க்கிறாள். ஐந்தாவது கதிரை சும்மா இருந்தது.

இடம் கோப்பன்ஹேகன். ஜெரோம் இறந்து சரியாக ஒரு வருடம் முடிந்த நாள். எங்கள் ஆட்கள் அதை ஆண்டுத் திவசம் என்பார்கள். வேதக்காரர்களாகிய நாங்களும் அப்படித்தான் சொல்வோம். பூசை ஒப்புக்கொடுத்து, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துக் கொடுப்பது வழக்கம். பூசையை முந்தின ஞாயிறே ஒஸ்லோவில் ஒப்புக்கொடுத்துவிட்டோம். சமைக்கவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. நானும் றெஜினாவும் ரயில் ஏறிவிட்டோம்.

ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற புருசெத் மாடிக் குடியிருப்பில் இது பெரிய கதையாகிவிட்டது. "மகன்ர ஆண்டுக்குச் சனத்துக்கு ஒரு வாய் சோறு குடுக்காமல் புருசனும் பெண்சாதியும் ஐரோப்பா ரூர் போயினமாம்" என்று ஒருவர் சொல்ல, அது கடல் கடந்து ஊருக்கும் போய், என் தம்பி தொலைபேசி எடுத்துக் கேட்டான். அவனுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எனக்கு இதைத் தொலைபேசியில் கதைக்க வராது. ஆகவே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா போனோம் என்று சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. போன இடத்தில் நன்றாகவும் சாப்பிட்டோம்.

2

ஜெரோம் கோப்பன்ஹேகனில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, வலது பக்கம் திரும்பிய லொறியில் அடிபட்டு இறந்தான். இருபத்தெட்டு வயது. இதற்கு மேல் அதை எழுத எனக்கு ஏலாது.

ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். முப்பத்தோராம் நாள் பங்கு மண்டபத்தில் சாப்பாடு. எத்தனையோ பேர் தாங்கள் சமைத்துக் கொண்டுவருகிறோம் என்று கேட்டார்கள். றெஜினா விடவில்லை. அவனுக்குப் பிடித்தது தனக்குத்தான் தெரியும் என்றாள். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைகளில் இருந்த நல்ல நண்டெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. நண்டுக்கறி, ஆட்டிறைச்சி, இறால் பொரியல். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், கொழுத்த நண்டாகப் பார்த்துப் பார்த்து உடைத்தாள். அவளுக்கு அன்று பிடித்துக்கொண்டு நிற்க அது ஒன்றுதான் இருந்தது. அவன் நண்டென்றால் விழுந்தடித்துச் சாப்பிடுகிறவன் என்பது எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பன்னிரண்டு வயதில் நண்டின் ஓட்டைக் கடித்து முன்பல்லின் நுனி உடைந்தவன்.

லீனெ ரயிலில் வந்திருந்தாள். அடக்கத்துக்கும் வந்தவள்தான். யாராவது கேட்டால், மகனின் சிநேகிதி என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த கதைக்குப் போய்விடுவோம். றெஜினா தன் கையாலேயே அவளுக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தாள், பெரிய நண்டாகப் பார்த்து. கொஞ்ச நேரத்தில் பார்த்தால், பெண் சோற்றையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு நண்டை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருக்கிறாள். உறைப்பா என்று றெஜினா கேட்டாள். லீனெ முதலில் சிரித்துச் சமாளித்தாள். றெஜினா திரும்பவும் கேட்டாள். அவள் சமையலறை நோர்வேஜியன் கதைப்பாள், லீனெ டெனிஷை மெதுவாகக் கதைப்பாள், இரண்டும் நடுவில் எங்கேயோ சந்திக்கும்.

"மன்னிக்க வேண்டும். நாங்கள் இறைச்சி மீன் சாப்பிடுவதில்லை. ஜெரோமும்தான். ஐந்து வருடமாக" என்றாள் லீனெ.

றெஜினா அதை ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் நன்றாகச் சாப்பிடுவானே, போன மார்கழி நத்தாருக்குக் கூட இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டானே என்றாள். லீனெ என்னைப் பார்த்தாள். எனக்கும் அது அப்போதுதான் தெரியும். பிறகு அந்தப் பெண், பொய் சொல்லத் தெரியாத பெண், உள்ளதைச் சொல்லிவிட்டாள். அம்மாவின் மேசையில் மட்டும் சாப்பிடுவான். திரும்பி வந்தால் வயிறு பழக்கமில்லாமல் இரண்டு நாள் படுத்திருப்பான்.

றெஜினா அகப்பையை வைத்துவிட்டு மண்டபத்து வாசலுக்குப் போய் நின்றாள். அன்று வந்தவர்கள் எல்லோரும் நண்டை மெச்சிவிட்டுப் போனார்கள்.

3

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அடுப்பில் கறி வைக்கப்படவில்லை. அவள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கிழங்கு அவித்து, மீன் உருண்டை சூடாக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாணும் ஜாமும் சாப்பிடுவாள். அரைத் துண்டு. சில நாள் அதுவும் இல்லை. அவளுடைய வேலை உடுப்பை இரண்டு தரம் சின்ன அளவுக்கு மாற்ற வேண்டிவந்தது. நான் ஏதும் கேட்டால் ஒரே பதில்தான். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ர கையாலை குடுத்து அவனை வருத்தியிருக்கிறன் அப்பா. அவன் சிரிச்சுக்கொண்டு திண்டவன்."

நான் இயல்பிலேயே பயந்த ஆள். அடுப்பை நிறுத்தினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். அந்த வருடம் எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன், இவள் என் கண் முன்னாலேயே கரைகிறாள். வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, துக்கம் என்றார், காலம் எடுக்கும் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், தெரியாது என்றார்.

அதே வருடம்தான் ஜெரோமின் கணக்குகளை மூடும் வேலையும். டென்மார்க்கில் இருந்தவன், நோர்வேயில் பிறந்தவன், தகப்பனும் தாயும் இலங்கையில் பிறந்தவர்கள். எந்தக் கந்தோருக்கு எந்தக் கடிதம் போக வேண்டும் என்று கந்தோர்களுக்கே தெரியவில்லை. அதிலும் எங்கள் பெயர். என் அப்பா சூசைமுத்து, ஆகவே கடவுச்சீட்டில் நான் அருள்நேசன் சூசைமுத்து. என் மகன் ஜெரோம் அருள்நேசன். டென்மார்க்கில் ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் மிகவும் பொறுமையாக, இறந்தவருடைய குடும்பப் பெயர் வேறு, உங்களுடைய குடும்பப் பெயர் வேறு, நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டாள். என்னுடைய முதற்பெயர்தான் அவனுடைய கடைசிப் பெயர் என்றேன். அப்படியென்றால் நீங்கள் ஒருவருக்கொருவர் உறவு என்பதற்கு ஒரு பத்திரம் அனுப்புங்கள் என்றாள். நான் அவனுடைய தகப்பன் என்று நிரூபிக்க எனக்கு ஆறு கிழமை பிடித்தது.

பிறகு ஒவ்வொன்றாக மூடினோம். வங்கி. தொலைபேசி. சைக்கிள் காப்புறுதி. உடற்பயிற்சி நிலையம். வீட்டு ஒப்பந்தத்தில் இருந்து அவன் பெயரை எடுத்து லீனெயின் பெயரை மட்டும் விட்டோம். ஒவ்வொரு தரமும் கணினியில் கடைசியாக ஒரு பொத்தான் வரும், முடிக்கவா என்று கேட்கும். நான் அழுத்தமாட்டேன். றெஜினா வந்து அழுத்திவிட்டுப் போவாள்.

4

இளவேனிலில் ஒருநாள் அவள் தானாகவே லீனெக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். சுகம் விசாரித்துவிட்டு, நேரடியாகக் கேட்டாள்: அவன் என்னத்தை விரும்பிச் சாப்பிட்டவன்? நீங்கள் இங்கே வாருங்கள், நான் காட்டுகிறேன் என்றாளாம் லீனெ.

றெஜினா தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆண்டுக்கு அங்கை போவம். அவன் சாப்பிட்டதை ஒருக்கால் நான் சாப்பிட்டுப் பாக்கவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அவள் ஒன்று வேண்டும் என்று சொல்லி எத்தனையோ மாதம். நான் உடனே ஓம் என்றுவிட்டு, உடனே கவலைப்படவும் தொடங்கினேன். அவன் விமானத்தில் வருவதில்லை, ரயிலில்தான் வருவான். ஆகவே நாங்களும் ரயில். ஒஸ்லோவிலிருந்து சுவீடனின் கோதன்பேர்க், அங்கே மாறி மல்மோ வழியாகக் கோப்பன்ஹேகன். அந்த மாறுவதுதான் எனக்குக் கவலை. முதல் ரயில் பிந்தினால் மற்றது போய்விடுமே.

ஷரோன்தான் ரிக்கற் எடுத்துத் தந்தாள். "எல்லா பில்லெத்தும் அம்மாட ஆப்பிலை இருக்கு அப்பா. இக்கெ ஸ்த்ரெஸ்" என்றாள். பதறாதேங்கோ என்பதை என் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த மொழியில்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். நீயும் வாவன் பிள்ளை என்று தாய் கேட்டாள். அவள் அன்று தனியாக மலையில் நடக்கப் போவதாகச் சொன்னாள். "எனக்கு அண்ணாவைச் சாப்பாட்டிலை தேட ஏலாதம்மா" என்றாள். தாய் வற்புறுத்தவில்லை. இந்த நாட்டில் பிறந்தவர்கள் துக்கத்தை மலைக்குக் கொண்டுபோகிறார்கள். நாங்கள் மண்டபத்துக்குக் கொண்டுபோகிறோம்.

5

எங்களைப்போன்ற ஆட்கள் கட்டுச் சாப்பாடு இல்லாமல் வெளிக்கிடுவதில்லை. இத்தனை வருடத்தில் நானும் றெஜினாவும் பிரான்சில் லூர்து மாதா கோயில் வரைக்கும் போய் வந்திருக்கிறோம், வழியில் ஒரு கடையில் இருந்து சாப்பிட்டது கிடையாது. புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், மீன் போட்டுச் செய்த சான்ட்விச், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி. வெளிச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க மனம் வராது, அதோடு என்ன போட்டிருக்கிறார்களோ என்ற பயம். இந்தத் தரம் அவள் ஒன்றும் கட்டக்கூடாது என்றுவிட்டாள். பையில் உடுப்பும் மருந்தும் மட்டும். எனக்குக் கை வெறுமையாக இருப்பதுபோல இருந்தது.

ரயில் கடலோரமாகப் போய், காட்டுக்குள் நுழைந்து, எல்லையைத் தாண்டியது. நான் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று மேற்சட்டையைத் தடவிப் பார்த்தேன்.

"என்னப்பா சட்டைப்பைக்குள்ளை?" என்றாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாதது சரசரக்குமே?"

மிக்சர் பக்கற்றை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் அவளுடைய வாய் கொஞ்சம் அசைந்தது.

கோதன்பேர்க்கில் ரயில் நேரத்துக்கே வந்தது. நான் இறங்கி நேரே அடுத்த மேடைக்கு ஓடப் பார்த்தேன். அவள் நின்றுவிட்டாள். ஜெரோம் ஒவ்வொரு தரமும் இங்கே இறங்கி, நிலையத்துக்குள் இருக்கிற வெதுப்பகத்தில் ஒரு பணிஸ் வாங்கி, மேடையில் நின்றபடியே சாப்பிடுவானாம். லீனெ சொல்லியிருந்தாள். ரயிலைத் தவறவிடுவோம் என்றேன். அப்ப அடுத்ததிலை போவம் என்றாள்.

பின்னலாக முறுக்கிச் சுட்ட பணிஸ், இன்னும் சூடு ஆறவில்லை. மேலே மினுமினுவென்று சீனி. இரண்டு வாங்கி, அவன் நின்றிருக்கக்கூடிய ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றோம். அவள் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். பிறகு நிறுத்தினாள்.

"ஏலக்காய்" என்றாள்.

நானும் கடித்துப் பார்த்தேன். ஏலக்காய்தான். குத்தித் தூளாக்காமல், பொருபொருவென்று பல்லில் படுகிற மாதிரிப் போட்டிருந்தார்கள். வெண்ணெயும் சீனியும் ஏலக்காயும் சேர்ந்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு வருடத்தில் என் நாக்குக்கு ருசியாகப் பட்ட முதற் சாப்பாடு அதுதான்.

"பாயாசத்திலை ஒரு ஏலக்காய் கடிபட்டால் துப்புவான்" என்றாள் றெஜினா. "அவனுக்காக நான் போடாமலே விட்டனான். இஞ்சை காசு குடுத்து வாங்கித் திண்டிருக்கிறான்."

"வளந்திட்டான்" என்றேன்.

"ஓம். எங்களுக்குச் சொல்லாமல் வளந்திட்டான்."

அவள் பணிஸ் முழுவதையும் சாப்பிட்டாள். விரலில் ஒட்டிய சீனியையும் நக்கினாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றேன். அழுதால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

இரண்டாவது ரயிலில் நிறையச் சனம். மல்மோ கழிந்ததும் கடலுக்கு மேல் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் வரிசையாகக் காற்றாலைகள். டென்மார்க்குப் பக்கத்தில் பொலிஸ்காரர் இருவர் ஏறி எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்த்தார்கள். நான் கடவுச்சீட்டை முன்பே எடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக நோர்வேக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன், இப்போதும் சீருடையைக் கண்டால் பயம். எதற்காகப் பயணம் என்று கேட்டார் இளம் பொலிஸ்காரர். நான் சொல்லைத் தேடினேன். றெஜினா முந்திக்கொண்டு, மகனிடம் போகிறோம் என்றாள். அவர் நல்ல பயணமாக அமையட்டும் என்று சொல்லித் தந்துவிட்டுப் போனார்.

6

லீனெ இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மூன்றாம் மாடி, சின்ன வீடு. ஜெரோமின் மழைச்சட்டை கதவுக்குப் பின்னால் தொங்கியது. நான் பார்க்காததுபோல உள்ளே போனேன். றெஜினா அதன் கையைப் பிடித்துவிட்டுத்தான் வந்தாள், ஒரு ஆளின் கையைப் பிடிப்பதுபோல.

அன்று பின்னேரம் லீனெ எங்களுக்குச் சமைத்திருந்தாள். மூடியைத் திறந்தால் பருப்பு. "பரிப்பு" என்றாள். ஜெரோம் சொல்லிக் கொடுத்ததாம். கிழமைக்கு இரண்டு நாள் அவர்கள் வீட்டில் பருப்புத்தானாம். தண்ணியாக இருந்தது, மஞ்சள் கூடிவிட்டது. நான் நல்லது நல்லது என்று சாப்பிட்டேன். றெஜினா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். பிடிக்கவில்லையோ, முப்பத்தோராம் நாள் மாதிரி எழும்பிப் போய்விடுவாளோ.

"இது என்ர பருப்பு" என்றாள் என்னிடம் தமிழில். "நான் ரெலிபோனிலை சொல்லிக் குடுத்தது. உள்ளியைத் தட்டிப் போட்டு, கடைசியிலை பால் விடச்சொன்னனான். இவையள் தாளிக்கேல்லை, அவ்வளவுதான்."

பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். பருப்பு கேட்டவன். பூசணிக்காய் கேட்டவன். பீற்றூட் கேட்டவன். பயத்தங்காய், கத்தரிக்காய்ப் பால்கறி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தொலைபேசி எடுத்துச் சமையல் கேட்பது எனக்கும் தெரியும். சிநேகிதர்களுக்குச் செய்து கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டோம். அவள் என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு வருசமா அவன் என்னட்டை ஒருக்காலும் மீன் கேக்கேல்லை. நண்டு கேக்கேல்லை. ஆடு கேக்கேல்லை. சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான் அப்பா. நான்தான் கேக்கேல்லை."

அப்போதுதான் அழுதாள். அடக்கத்தில் அழாதவள், லீனெயின் சமையலறையில், கையில் கரண்டியோடு அழுதாள். லீனெக்குத் தமிழ் விளங்காது. தன் பருப்பால்தான் என்று நினைத்துவிட்டாள் பாவம். எழும்பி வந்து கட்டிப்பிடித்து, மன்னியுங்கள் மன்னியுங்கள் என்றாள். றெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் இருக்கா என்று கேட்டாள். லீனெ ஒரு லாச்சியை இழுத்துக் காட்டினாள். உள்ளே நாங்கள் அனுப்பிய செத்தல் மிளகாய், சீரகம், உறைய வைத்த கறிவேப்பிலை, மிளகாய்த்தூள். தூள் பக்கற்றின் வாயை ஜெரோம் உடுப்புக் கவ்வியால் கவ்வி வைத்திருந்தான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு என் மனைவி தாளிக்கும் சத்தத்தைக் கேட்டேன். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஒவ்வொரு நத்தாருக்கும் நண்டுக்கறியை ஐஸ்கிறீம் பெட்டிகளில் உறைய வைத்துக் கொடுத்துவிட்டேனே, அதெல்லாம் எங்கே போனது? லீனெக்கு முகம் சிவந்துவிட்டது. கீழே நிலவறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஹென்றிக்குக் கொடுப்பான் என்றாள். எறிய அவனுக்கு மனம் வராது.

றெஜினா கொஞ்சம் யோசித்தாள். "குப்பைக்குள்ளை போகேல்லை" என்றாள். "ஆரோ ஒருத்தர் திண்டிருக்கிறார்."

7

அடுத்த நாள்தான் ஆண்டு. மத்தியானம் அந்த நிலவறைக் கடைக்கு இறங்கிப் போனோம். தாழ்ந்த கூரை, மர மேசைகள், எங்கள் வயதை ஒத்த சனம் மெதுவாகக் கதைத்துக்கொண்டு சாப்பிடுகிறது. ஜெரோம் சனிக்கிழமைகளில் இங்கேதான் சாப்பிடுவானாம், எப்போதும் ஒரே சாப்பாடு. லீனெ எங்கள் மூவருக்கும் அதையே கொண்டுவரச் சொன்னாள். றெஜினா கூட ஒரு தட்டுக் கேட்கச் சொன்னாள்.

கறுப்புப் பாண் துண்டு. அதன் மேல் வட்டம் வட்டமாக வெட்டிய குளிர்ந்த உருளைக்கிழங்கு, அதன் மேல் மயோனேஸ், பொடியாக அரிந்த வெங்காயத்தாள், பொரித்த வெங்காயம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாணுக்கு மேல் கிழங்கை வைத்து ஆரும் சாப்பிடுவார்களா? அதுவும் ஒரு நாளைக்கு ஒரு சாக்குக் கிழங்கு உரிக்கிறவளுக்கு முன்னால். அவள் கத்தியும் முள்ளும் எடுத்து, லீனெ வெட்டுவதைப் பார்த்து அதேபோல வெட்டி, பாண், கிழங்கு, வெங்காயம் மூன்றும் ஒரே வாயில் வருமாறு எடுத்துச் சாப்பிட்டாள்.

"நேற்று அவிச்சு ஆறவிட்ட கிழங்கு" என்றாள். "இண்டைக்கு அவிச்சிருந்தால் இப்பிடி நிக்காது." இன்னொரு வாய் எடுத்தாள். "உப்பும் புளிப்பும் சரியா இருக்கு. வெங்காயத்தைக் கருகவிடாமல் பொரிச்சிருக்கினம். நல்ல சாப்பாடப்பா. சாப்பிடுங்கோ."

பாணின் புளிப்பும் கிழங்கின் குளிர்ச்சியும் வெங்காயத்தின் மொறுமொறுப்பும் சேர்ந்து, உண்மையாகவே நல்ல சாப்பாடு. என் மகனுக்கு ருசி தெரிந்திருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட இடமில்லை, ஆகவே இங்கே எழுதுகிறேன்.

கூடக் கேட்டு வாங்கிய தட்டை றெஜினா சும்மா இருந்த கதிரைக்கு முன்னால் வைத்திருந்தாள். கண்ணை மூடிச் செபம் சொன்னாள். இறந்தவரை நினைத்து வைத்த சாப்பாட்டை எங்கள் பக்கத்தில் எறிவதில்லை, ஒருவரைக் கூப்பிட்டு இருத்திச் சாப்பிடச் சொல்வது வழக்கம். அவள் ஹென்றிக்கைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பெரிய உடம்பு, நரைத்த தாடி, முன்னால் கட்டிய ஏப்ரன். நாங்கள் யார் என்று லீனெ முன்பே சொல்லியிருந்தாள். அவர் வரும்போது கையில் ஐஸ்கிறீம் பெட்டிகள், ஒன்றுக்குள் ஒன்றாக, நன்றாகக் கழுவி அடுக்கியபடி. உங்களுடையவை என்று தந்தார். முதல் வருடம் உறைப்புத் தாங்காமல் அழுததாகவும், அடுத்த வருடம் நத்தாருக்கு முன்பே ஜெரோமிடம் எப்போது ஒஸ்லோவுக்குப் போகிறாய் என்று கேட்கத் தொடங்கியதாகவும் சொன்னார். இறைச்சி மீனை விட்டதை அம்மாவுக்குச் சொல்லிவிடு என்று தான் ஜெரோமிடம் சொன்னதுண்டாம். சொல்லத்தான் போனேன், கோடையிலிருந்து உனக்காக எடுத்து வைத்த நண்டு என்று அம்மா சொன்னதும் வாய் வரவில்லை என்றானாம்.

லீனெ இதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். றெஜினா கேட்டுக்கொண்டே, அவருக்கு முன்னால் தட்டைத் தள்ளினாள். வேலை நேரத்தில் சாப்பிடுவதில்லை என்றார். "இருந்து சாப்பிடுங்கோ" என்றாள் தமிழிலேயே. அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. உட்கார்ந்து, தான் செய்த சாப்பாட்டைத் தானே கடைசிவரைக்கும் சாப்பிட்டார்.

காசு கொடுக்க நான் எழும்பிப் போனேன். அட்டையை வைத்துவிட்டு, அந்த வருடம் முழுக்க எல்லா இடமும் கேட்டுப் பழகிய வாயால் கேட்டேன்: என் மகன் இங்கே ஏதும் கொடுக்க இருந்ததா? ஹென்றிக் இல்லை என்று சொல்லப் பார்த்தார். முகம் ஒத்துக்கொள்ளவில்லை. சமையலறைக் கதவைத் திறந்து உட்புறத்தைக் காட்டினார். சோக்கால் சில பெயர்கள், பெயர்களுக்கு எதிரே தொகை. வாடிக்கையாளர்கள் காசை மறந்து வந்தால் எழுதுகிற இடம். கடைசிச் சனிக்கிழமை அவன் அட்டையை மேலே வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். நாளைக்குத் தாறன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அழிக்கக் கை வரவில்லை என்றார் ஹென்றிக்.

டெனிஷ்காரர் தொண்ணூறைச் சொல்கிற விதம் நோர்வேஜியன் தெரிந்தவனுக்கும் விளங்காது. அவர் இரண்டு தரம் சொல்லி, பிறகு விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். செத்த பிள்ளையின் பேரில் கடன் கிடக்கக்கூடாது. அட்டையைத் திரும்பவும் எடுத்தேன்.

பின்னால் வந்து நின்ற றெஜினா என் கையைப் பிடித்தாள்.

"கட்டாதேங்கோ."

"என்ன கதைக்கிறீர்? பிள்ளையின்ர கடனப்பா."

"ஓம். அவன்ர கடன்தான். பாங்க் முடிச்சாச்சு. ரெலிபோன் முடிச்சாச்சு. வீட்டிலையும் பேர் இல்லை. எல்லாத்தையும் என்ர இந்த விரலாலைதான் முடிச்சனான். இது ஒண்டு அவன்ர பேரிலை கிடக்கட்டும்."

பிறகு ஹென்றிக்கைப் பார்த்து, அதை அப்படியே இருக்க விடச்சொல்லி அவளுடைய சமையலறை நோர்வேஜியனில் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார், சோக்கில் படாமல்.

திரும்பி வந்த பிறகு அவள் சமைக்கிறாள். மரக்கறிதான். ஒவ்வொரு மாதமும் லீனெக்குத் தொலைபேசி எடுக்கும்போது, கடைசியாகக் கேட்பது கீழே கதவில் அது இருக்கிறதா என்பதுதான். இருக்கிறதாம். ஜெரோம் அருள்நேசன் கொடுக்க வேண்டியது, தொண்ணூற்றைந்து டெனிஷ் குரோனர்.